அலைகரைக்கு மேலே மரம் நடப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாரி நெருங்கினால் வன்னியில் மரநடுகைக் குழுக்கள் குளத்து அலைகரைக்கு மேலே, அதாவது குளத்துத் தண்ணீர் தொடும் விளிம்புக்கு அப்பால் உள்ள நீரேந்து பகுதியில், மரம் நடக் கிளம்பிவிடும். நல்லதுதான். ஆனால் ஒரு குழு கெடுத்ததை அடுத்த குழுவும் அதே உற்சாகத்தோடு கெடுப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பொலித்தீன் பையைக் கிழித்துவிட்டு நடுங்கள் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

பற்றையைத் துப்புரவாக்குவது

இதற்குத்தான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. குளத்து நீரேந்து பகுதியில் ஒரு அரச காணி; மரங்களைத் தறித்துக்கொண்டு போன பிறகு சூரையும் காரையும் ஈச்சையுமாக முட்பற்றை மண்டிக் கிடக்கிறது. வாடகைக்கு ஒரு பெக்கோ (மண் வெட்டும் இயந்திரம்) பிடித்து, ஒரே நாளில் வழித்துத் தள்ளி, செம்மண் பளிச்சென்று தெரிய வரிசையாகக் குழி வெட்டிப் படம் எடுத்தால் பெரிய வேலை நடந்தது போலத்தான் இருக்கும். அங்கே தானாக எழும்பிக்கொண்டிருந்த காட்டை அழித்ததுதான் உண்மையில் நடந்தது.

குந்தியிருந்து பாருங்கள். சூரையை விலக்கினால் உள்ளே முழங்கால் உயரத்தில் பாலைக் கன்று நிற்கும். பாலைப்பழம் தின்ற பறவையோ கரடியோ போட்ட விதை. மாடு வாய் வைக்க முடியாத முள்தான் அதற்கு வேலி. வெட்டிய வீரை, முதிரைக் கட்டைகளில் துளிர் கிளம்பியிருக்கும். அந்தத் துளிருக்குக் கீழே முழு மரத்தின் வேர் கிடக்கிறது, பையில் வளர்ந்த கன்றுக்கு அப்படியொரு வேர் எந்தக் காலத்தில் வரப்போகிறது?

ஒரு ஊரில் இப்படி வழித்த காணியின் மேல்மண் கார்த்திகை மழையோடு குளத்துக்குள் போனது. அடுத்த கோடையில் நட்ட கன்றுகள் காய்ந்துவிட, பார்த்தீனியம், நாயுண்ணி என்ற களைகள் இடுப்பளவுக்கு நின்றன. குளம் மண்மூடுகிறதே என்று கமக்காரர் அமைப்பில் கேட்டார்கள், மரம் நட்ட பெடியளிடம் பதில் இல்லை. பெக்கோவுக்குக் கொடுத்த காசு போகட்டும், மேல்மண்ணை யார் திருப்பித் தருவது?

கத்தி ஒன்று போதும். கட்டைக்கு இரண்டு நல்ல துளிரை விட்டு மற்றதைக் கழியுங்கள், கன்றைச் சுற்றிய கொடியை அறுங்கள். உண்மையிலேயே வெறுமையாகக் கிடக்கும் இடத்தில் மட்டும் நட்டு, வெட்டிய முள்ளையே சுற்றி அடையுங்கள்.

மாட்டுக்காரரைக் கேட்காமல் நடுவது

காலபோகம் என்கிற மாரிகால நெல் விதைத்ததும் மாடுகளை வயல் பக்கம் விட முடியாது, காட்டுக்குத்தான் சாய்ப்பார்கள். நீங்கள் நடுவதும் அதே மாதங்களில்தான். முதலில் அவர்களோடு இருந்து ஒரு தேத்தண்ணி குடியுங்கள், எந்தத் தடத்தால் மாடு போகும் என்று சொல்வார்கள். கம்பி வேலி அடித்து அவர்களோடு பகைத்தால் கன்றும் இல்லை, கம்பியும் இல்லை.

யூன் 5 இல் நடுவது

சுற்றாடல் தினம்தான், சரி. ஆனால் இங்கே அப்போது சோளகம் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று வீசும், நம்பக்கூடிய மழை ஒக்டோபருக்குப் பிறகுதான்.

பூத்த பார்த்தீனியத்தைப் பிடுங்குவது

பூக்க முதல் பிடுங்க வேண்டும், கையுறையோடு. தோலில் பட்டால் கடித்துத் தடிக்கும். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும், அதை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி ஊர் முழுக்கக் கொண்டுபோவது விதைப்பதற்குச் சமம்.

தேக்கு

நீரேந்து பகுதியில் வேண்டாம்.

வாய்ச்சொல் அனுமதி

பிரதேச செயலகம், வனவளத் திணைக்களம், சிறுகுளமென்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களம் என்று காணிக்குக் காணி பொறுப்பு மாறும். எழுத்தில் வாங்குங்கள், இல்லாவிட்டால் காடு பிடிக்க வந்தவர் என்ற பெயர் உங்களுக்குத்தான்.

மிதிவெடிப் பலகை

மண்டையோட்டுப் பலகைக்கு அப்பால் கால் வைக்காதீர்கள், பலகை விழுந்து கிடந்தாலும் அப்படித்தான். குழி வெட்டும்போது இனந்தெரியாத இரும்பு ஏதும் தெரிந்தால் அலவாங்கை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு, வந்த காலடியிலேயே திரும்பி வந்து பொலிசுக்குச் சொல்லுங்கள்.