கண்மாய்க் கரை ஏறும் மூன்று சக்கர மிதிவண்டி: லோ கியர் அமைக்கும் முறை

காரைக்குடிப் பக்கம் பெரிய மேடு கிடையாது. ஆனாலும் ஐந்து தண்ணீர் கேனை ஏற்றிக்கொண்டு கண்மாய்க் கரையில் ஏறினால் சாதா சைக்கிள் கியர் கைவிட்டுவிடும். இரும்பு வாங்கும் முன் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

ஓட்டுபவர் 70 கிலோ, வண்டி 40, கேன்கள் 100, மொத்தம் 210. இருபது அடிக்கு ஓர் அடி உயரும் சரிவில் இதை நகர்த்த ஏறத்தாழ 14 கிலோ இழுவிசை வேண்டும். 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் 2.2 மீட்டர் போகும். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால் பெடலின் ஒரு சுற்றுக்கு 5.4 மீட்டர். அதற்குப் பெடலில் சராசரியாக 70 கிலோ அழுத்தம் வேண்டும். எழுந்து நின்று மிதித்தாலும் ஏறாது. 1.4 மீட்டராகக் குறைத்தால் 18 கிலோ போதும்.

அதற்கு நடுவில் ஒரு தண்டு வையுங்கள். 20 மி.மீ. தண்டு, அதைத் தாங்க இரண்டு பிளம்மர் பிளாக் (பேரிங் உள்ள தாங்கி). அதில் 14 முதல் 28 பல் வரையுள்ள ஆறு கியர் ஃப்ரீவீல் ஒன்றும், தண்டோடு சேர்ந்தே சுழலும்படி இறுக்கிய 18 பல் சக்கரம் ஒன்றும். பெடலில் 44 பல் செயின் வீல், பின் அச்சிலும் அதே 44. பெடலிலிருந்து ஃப்ரீவீலுக்கு முதல் செயின், 18 பல்லிலிருந்து பின் அச்சுக்கு இரண்டாவது செயின். இரண்டு 44-ம் கணக்கில் அடிபட்டுப் போகும். மிஞ்சுவது 18-ஐ ஃப்ரீவீல் பல்லால் வகுத்த விகிதம்தான். 28 பல்லில் 1.4 மீட்டர், 14 பல்லில் 2.8 மீட்டர். பழைய இரும்புக் கடையிலேயே கிடைக்கும் சக்கரங்கள் என்பதால்தான் இந்த அமைப்பைச் சொல்கிறோம்.

ஃப்ரீவீல் மாட்டும் மரையை லேத் பட்டறையில் கடைந்து வாங்குங்கள். பின் அச்சின் 44-ஐ நேரே அச்சில் வெல்டிங் வைக்காதீர்கள். மையம் ஒரு மி.மீ. விலகினாலும் செயின் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை விறைத்து ஒருமுறை தொங்கும், தொங்கும் இடத்தில் கழன்றுவிடும். கடைந்த பாஸில் (அச்சில் மாட்டும் மையத் துண்டு) போல்ட் போட்டு இறுக்குவதே சரி. பின் அச்சு 25 மி.மீ.; ஒரு சக்கரத்தை மட்டும் அச்சோடு பிணையுங்கள். இரண்டையும் பிணைத்தால் திருப்பத்தில் டயர் தேயும், அச்சு முறுக்கும்.

பிளம்மர் பிளாக் போல்ட் துளைகளை நீளவாட்டில் வெட்டினால் தண்டைத் தள்ளி இரண்டாவது செயினை இறுக்கலாம். அப்போது முதல் செயினில் வரும் தொய்வைக் கியர் மாற்றும் டீரெய்லர் இழுத்துக்கொள்ளும். நேர் பார்க்க, செயின் வீல் முகத்தில் ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள்; ஃப்ரீவீலில் அது மூன்றாவது, நான்காவது பல்சக்கரங்களுக்கு நடுவே விழ வேண்டும்.

லோ கியரில் இரண்டாவது செயின் முதல் செயினைவிட ஒன்றரை மடங்கு இழுவை தாங்கும். அதனால் அங்கே பழைய செயின் வேண்டாம். சாதா சைக்கிளின் அகலச் செயின் புதிதாகப் போடுங்கள். எண்ணெய் விட்டதும் துணியால் துடைத்துவிடுங்கள். வெளியே நிற்கும் எண்ணெயில் நம்மூர்ச் செம்மண் ஒட்டினால் பல்லை அரம் போல ராவிவிடும். 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். 12 அங்குலத்தோடு ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடிவிட்டால் அன்றே செயினை மாற்றுங்கள்.