பல் சுத்தமாக இருந்தும் போகாத வாய் நாற்றம்: என் அனுபவம்
சொத்தை இல்லை, முரசும் நல்லாயிருக்கு என்று வெள்ளவத்தையில் பல் வைத்தியர் சொல்லிவிட்டார். ஆனாலும் பல் தீட்டிக் கொஞ்ச நேரத்திலேயே வாய் நாறும். கராம்பு மென்றேன், வாசம் இருக்கும்வரைதான். அப்புறம் மவுத்வாஷ், அதில் அல்கஹோல் இருந்ததால் வாய் காய்ந்து நாற்றம் இன்னும் கூடியது. அம்மா தேசிக்காயும் உப்பும் தேய்க்கச் சொன்னா, அதை மட்டும் நான் செய்யவில்லை, தேசிக்காய்ப் புளி பல்லின் எனாமலை அரிக்கும்.

ஒருநாள் இருமும்போது குறுணி அரிசி போல வெள்ளையாக ஒன்று வந்து விழுந்தது. நசுக்கிப் பார்த்தால் அதே நாற்றம்! டோர்ச் அடித்துக் கண்ணாடியில் பார்த்தேன், தொண்டையின் இரு பக்கமும் இருக்கும் சதைத் திரட்சியான டொன்சிலில் சின்னச் சின்னக் குழிகள், ஒன்றுக்குள் இன்னொரு வெள்ளைத் துணுக்கு. டொன்சில் கல் இதுதான். சாப்பாட்டுத் துணுக்கும் இறந்த செல்களும் பக்டீரியாவும் சேர்ந்து இறுகுவது, பிரஷ் அங்கே போகவே போகாது.

கேட்டது உப்புத் தண்ணீருக்குத்தான். ஒரு கப் இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. வாயை மட்டும் அலசித் துப்பினால் பயனில்லை, நன்றாக அண்ணாந்து, தொண்டையில் களகளவென்று சத்தம் வரக் கொப்பளிக்க வேண்டும், அப்போதுதான் தண்ணீர் அந்தக் குழிகளைத் தொடும். நாக்கின் பின்பக்கத்தையும் வழித்தேன். நாற்றம் போய்விட்டது, பெரிய நிம்மதி.

ஊசி, ஈர்க்கு கொண்டு தோண்டாதீர்கள், இரத்தம் வரும். ஒரு பக்க டொன்சில் மட்டும் வீங்கினால் காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள்.