ஹார்ட் ஃபெயிலியர், எனர்ஜி மெட்டபாலிசம்னு லேப்ல இறங்கறவங்க தவிர்க்க வேண்டிய தப்புகள்

இந்த வருஷம் லேப்ல புதுசா சேர்ந்த பசங்க மீட்டிங்ல டேட்டா காட்டறப்பல்லாம் எனக்கு சிரிப்புதான் வருது, பிஎச்டி சேர்ந்த புதுசுல நாங்க அடிச்ச அதே கூத்தை ஒண்ணு விடாம அடிக்கறாங்க. பைப்பெட்டை செக் பண்ணு, ஆன்டிபாடியை உருக்கி உருக்கி உறைய வைக்காத, இதெல்லாம் இங்க எழுதப் போறதில்ல, எந்த சீனியரும் சொல்லிக் குடுத்துடுவாங்க. சீனியருங்களே தப்பா கத்துக்கிட்டு அப்படியே அடுத்த பேட்ச்சுக்குக் கைமாத்தி விடற சில விஷயம் இருக்கு, அதைப் பத்திதான் பேச்சு.

ஒரு கணக்கு மட்டும் மனசுல இருக்கட்டும். மனுஷ இதயம் ஒரு நாளைக்கு சுமார் 6 கிலோ ஏடிபியை (செல்லு வேலை செய்யச் செலவழிக்கற எனர்ஜி மூலக்கூறு) செஞ்சு செலவழிக்குது. இதயத்தோட எடையே முந்நூறு கிராம் சொச்சம்தான். அப்போ கையிருப்பு எவ்ளோ இருக்கும்னு பாத்துக்கோங்க, ஒரு பத்து விநாடி தாங்கும், அதுக்குள்ள புதுசா செஞ்சாகணும். கீழ வர்ற தப்புல பெரிய தப்பு இந்தக் கணக்கை மறந்ததால வர்றது.

வெட்டி, கழுவி, எடை போட்டு, அப்புறமா உறைய வைக்கறது

இதை நெனச்சா எனக்கு இன்னமும் பத்திக்கிட்டு வரும்.

வழக்கமா என்ன நடக்கும்னா, எலியை மயக்கத்துல வச்சு நெஞ்சைத் திறந்து இதயத்தை வெட்டி எடுப்பாங்க, ஐஸ்ல வச்ச பிபிஎஸ்ங்கற உப்புக் கரைசல்ல போட்டு ரத்தம் போக அலசுவாங்க, ஏட்ரியம், கொழுப்பெல்லாம் நறுக்குவாங்க, டிஷ்யூ பேப்பர்ல ஒத்தி எடை போட்டு நோட்டுல எழுதுவாங்க, ஒருத்தர் ஃபோன்ல போட்டோ கூட எடுப்பார், அதுக்கப்புறம் ஒரு டியூப்ல போட்டு லிக்விட் நைட்ரஜன்ல முக்குவாங்க. கேட்டா "ஸ்னாப் ஃப்ரோசன்"னு மெத்தட்ஸ்ல எழுதியிருக்கும். என்ன ஸ்னாப்? ரத்தம் நின்ன அந்த நிமிஷத்துலேர்ந்து அந்த இதயம் ஆக்சிஜன் இல்லாம தவிச்சுக்கிட்டு இருக்கு. முதல்ல கிரியேட்டின் பாஸ்பேட் சில விநாடியிலேயே சரியும், ஏன்னா ஏடிபி விழாம தாங்கிப் பிடிக்கறதே அதோட வேலை. கூடவே கிளைகோஜன் கரையும், லாக்டேட் ஏறும், அப்புறம் ஏடிபியும் உடைஞ்சு ஏஎம்பி வரைக்கும் போகும். நீங்க எடை போட்டு முடிக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்ச கதை.

எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு லேப்ல ஒரு பொண்ணு, நல்ல கை அவளுக்கு, எலிக்கு எல்ஏடி ஆர்ட்டரியை (இதயத் தசைக்கு ரத்தம் கொண்டு போற குழாய்) கட்டி ஹார்ட் ஃபெயிலியர் உண்டாக்கி, வாரக்கணக்கா எக்கோ பாத்து, கடைசியில சாம்பிள் எடுத்து அளந்தா ஃபெயிலியர் குரூப்ல ஏடிபி கம்மி, கிரியேட்டின் பாஸ்பேட் ரொம்பக் கம்மி, பாஸ்போ-ஏஎம்பிகே (எனர்ஜி குறைஞ்சா உஷாராகற என்சைம்) பேண்டு கருகருன்னு வந்திருக்கு. கைடுக்கு பயங்கர சந்தோஷம், புத்தகத்துல இருக்கற மாதிரியே வந்துடுச்சுல்ல. போஸ்டர் வச்ச இடத்துல ஒரு வயசான ப்ரொஃபசர் வந்து ரெண்டு நிமிஷம் பாத்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், ஷாம் குரூப்புல (நெஞ்சைத் திறந்து, குழாயைக் கட்டாம மூடின கன்ட்ரோல்) கிரியேட்டின் பாஸ்பேட் ஏன்மா ஏடிபியை விடக் கம்மியா இருக்குன்னு. அவ்ளோதான். ஒழுங்கா உறைய வச்ச நல்ல இதயத்துல அது ஏடிபியை விடக் கூட இருக்கணும். ஆரோக்கியமான மனுஷங்களுக்கு ஸ்கேன்ல பாத்தாலே அந்த விகிதம் கிட்டத்தட்ட 2 வரும். அப்போ அவளோட கன்ட்ரோலே மூச்சுத் திணறிச் செத்த இதயம்.

சரி, ரெண்டு குரூப்புக்கும் ஒரே மாதிரி தாமதம்தானே, வித்தியாசம் வித்தியாசம்தானேன்னு கேப்பாங்க. அங்கதான் மாட்டிப்பீங்க. இன்ஃபார்க்ட் ஆன, அதாவது ரத்தம் போகாம ஒரு பகுதி செத்த இதயம் நெஞ்சுக்கூட்டோட ஒட்டிக்கிட்டு இருக்கும், பிரிச்சு எடுக்க நேரம் ஆகும். அளவும் பெருசா இருக்கும், அதனால நடுவுல குளிர் போய்ச் சேரவும் நேரம் ஆகும். ஆக, நோய் வந்த இதயம்தான் எப்பவும் கூடுதலா தவிச்சிருக்கும், நீங்க அளந்தது ஃபெயிலியரையா, கத்திரிக்கோல் பிடிச்ச நேரத்தையான்னு பிரிக்க வழியே கிடையாது. ரிசல்ட் தாறுமாறா வந்திருந்தாலாவது சந்தேகம் வரும், எதிர்பாத்த பக்கமே சாயறதால யாரும் கேள்வி கேக்கறதில்ல. அந்தப் பொண்ணு மறுபடி எதிக்ஸ் கமிட்டிக்கு எழுதி, மறுபடி எலி வாங்கி, மறுபடி கட்டி. ஸ்காலர்ஷிப் காலம் அதுலயே ஓடிடுச்சு.

இதுக்கு மருந்து 1960-லயே வந்தாச்சு. வோலன்பெர்கர் கிளாம்ப்னு பேரு, ரெண்டு அலுமினியக் கட்டை மாட்டின இடுக்கி, வேற ஒண்ணும் இல்ல, ஒர்க்‌ஷாப்ல சொன்னா செஞ்சு தருவாங்க. லிக்விட் நைட்ரஜன்ல கொதிப்பு அடங்கற வரைக்கும் முக்கி வச்சுட்டு, வென்டிலேட்டர்ல எலி இருக்கும்போதே, இதயம் துடிச்சுக்கிட்டு இருக்கும்போதே, அந்த இடத்துலயே வச்சு நசுக்கணும். தட்டையா அப்பளம் மாதிரி வரும், அதைத்தான் வெட்டி எடுக்கணும். நேரா நைட்ரஜன்ல போட்டா என்னன்னு கேக்காதீங்க. காஞ்ச தோசைக்கல்லுல தண்ணி தெளிச்சா ஆவி மேல மிதந்துக்கிட்டு ஓடுமே, அதேதான், -196 டிகிரிக்கு முன்னாடி உங்க எலி இதயம்தான் காஞ்ச கல்லு. சுத்தி வாயு ஒரு உறை மாதிரி நின்னுக்கிட்டு குளிரை உள்ள விடாது. இரும்போ அலுமினியமோ நேரா தொட்டாத்தான் சட்டுனு உறையும்.

எடை வேணும்னா? அதுக்குத் தனி எலி ஒதுக்குங்க. ஒரே எலியில எல்லாத்தையும் எடுக்கணும்ங்கற பேராசைதான் இத்தனைக்கும் காரணம்.

ஏற்கனவே மெதுவா உறைய வச்ச சாம்பிள் ஃப்ரீஸர் நிறைய இருக்குன்னா தூக்கிப் போட வேண்டாம். மொத்த கிரியேட்டினை அளக்கலாம், அது கொஞ்ச நேரத் தாமதத்துல எங்கயும் ஓடிடாது. ஃபெயிலியர் ஆன இதயத்துல கிரியேட்டின் கம்மின்னு 1939-லயே ஹெர்மன், டெச்சர்ட் ரெண்டு பேரும் எழுதிட்டாங்க. புரோட்டீன் அளவும் பாக்கலாம். ஏடிபி, லாக்டேட், பாஸ்போ-ஏஎம்பிகே பக்கம் மட்டும் போகாதீங்க, தயவு செஞ்சு.

வெறும் குளுக்கோஸ்ல இதயத்தை ஓட்டறது

லாங்கன்டார்ஃப்ல (வெட்டி எடுத்த இதயத்துக்குள்ள கரைசலை ஓட விட்டுத் துடிக்க வைக்கற முறை) கிரெப்ஸ் பஃபர்ங்கற உப்புக் கரைசல், 11 மில்லிமோலார் குளுக்கோஸ், அவ்ளோதான், கொழுப்பே கிடையாது. நிஜ இதயம் பெரும்பாலும் கொழுப்பு அமிலத்தை எரிச்சுத்தான் வாழுது. அதைக் குடுக்காம ஓட்டிட்டு "இந்த மருந்து குளுக்கோஸ் உபயோகத்தைக் கூட்டுது"ன்னு எழுதினா, சோறு மட்டும் போட்டுட்டு இவன் சோறுதான் விரும்பறான்னு சொன்ன கதைதான். ஆல்புமின்ங்கற புரோட்டீன்ல கட்டின பால்மிட்டேட் (ஒரு கொழுப்பு அமிலம்) சேருங்க. நுரை பொங்கும், ஆக்சிஜனேட்டர் அடைக்கும், எரிச்சலா இருக்கும், வேற வழியில்ல. முடிஞ்சா வொர்க்கிங் ஹார்ட்டா, அதாவது நிஜமா பம்ப் பண்ற மாதிரி ஓட்டுங்க.

சாதா பிஎஸ்ஏ

மேல சொன்ன ஆல்புமினுக்கு வாங்கற மாட்டு ஆல்புமின்தான் பிஎஸ்ஏ, அதுலயே கொழுப்பு அமிலம் ஒட்டிக்கிட்டு இருக்கும். ஃபேட்டி ஆசிட் ஃப்ரீ வாங்குங்க.

நாக்கவுட் ஒரு இடம், கன்ட்ரோல் வேற இடம்

சி57 பிளாக் 6 எலி எல்லாம் ஒண்ணுதான்னு நெனச்சு நாக்கவுட்டை (ஒரு ஜீனை எடுத்துட்ட எலி) 6என்ங்கற உள்வகையில வச்சுக்கிட்டு, கன்ட்ரோலுக்கு 6ஜேங்கற உள்வகையை வாங்கிட்டு வந்துடறாங்க. 6ஜேல என்என்டி ஜீன் வேலை செய்யாது. அது மைட்டோகாண்ட்ரியாவோட உள் சவ்வுல இருந்துக்கிட்டு என்ஏடிபிஹெச் (செல்லை ஆக்சிஜன் சேதத்துலேர்ந்து காப்பாத்த உதவற மூலக்கூறு) செஞ்சு குடுக்கற என்சைம். நல்லதுதானேன்னு தோணும், ஆனா பிரஷர் ஓவர்லோட்ல அது தலைகீழா ஓடி இருக்கற என்ஏடிபிஹெச்சையும் தின்னுடுதுன்னு 2015-ல காட்டிட்டாங்க, அதனால அயோர்ட்டாவை இறுக்கினா 6என் சீக்கிரம் படுத்துடும், 6ஜே தாங்கும். உங்க ஜீன் ஒண்ணுமே பண்ணலைன்னாலும் பெரிய எஃபெக்ட் வந்துடும். ஒரே தாய் ஒரே ஈத்து, லிட்டர்மேட் கன்ட்ரோல், அனிமல் ஹவுஸ்ல கூண்டுக்கு இடம் இல்லைன்னு எவன் சொன்னாலும் விட்டுக் குடுக்காதீங்க.

எம்ஆர்என்ஏ (புரோட்டீன் செய்யச் சொல்ற ஜீனோட நகல்) இறங்கினா எரிபொருள் எரியறதும் இறங்குச்சுன்னு எழுதறது

இல்ல.

இதே ரகத்துல இன்னொண்ணு எஃப்டிஜி ஸ்கேன், குளுக்கோஸ் மாதிரியான கதிரியக்கப் பொருளை ஊசி போட்டுப் பாக்கறது. அது குளுக்கோஸ் செல்லுக்குள்ள போச்சுன்னுதான் சொல்லும், எரிஞ்சுச்சுன்னு சொல்லாது. வீங்கின இதயத்துல கிளைகாலிசிஸ் (குளுக்கோஸை உடைக்கற முதல் கட்டம்) கூடும், ஆனா மைட்டோகாண்ட்ரியாவுல குளுக்கோஸ் எரியறது அதுக்கு ஈடு குடுக்காது. ரெண்டையும் தனித்தனியா அளக்காம "குளுக்கோஸுக்கு மாறிடுச்சு"ன்னு ஒரே வரியில முடிக்காதீங்க.

எடோமோக்சிரை அள்ளி ஊத்தறது

எடோமோக்சிர் கொழுப்பு அமிலம் எரியறதைத் தடுக்கற மருந்து. அதை சீஹார்ஸ் (செல்லு ஆக்சிஜன் எடுக்கறதை அளக்கற மெஷின்) பிளேட்ல 200 மைக்ரோமோலார் போட்டுட்டு ஆக்சிஜன் குறைஞ்சுது, அதனால கொழுப்புதான் எரிஞ்சுதுன்னு சொல்றது. அந்த அளவுல அது மைட்டோகாண்ட்ரியாவோட சுவாசச் சங்கிலியில முதல் என்சைமான காம்ப்ளெக்ஸ் 1-ஐயே தடுக்குது, 2018-ல வந்த பேப்பரைப் படிங்க.

கீட்டோன் மோகம்

2016-ல வந்த ரெண்டு பேப்பர், ஃபெயிலியர் ஆன இதயம் கீட்டோனை (கொழுப்புலேர்ந்து கல்லீரல் செய்யற எரிபொருள்) அதிகமா எரிக்குதுன்னு காட்டுச்சு. 2020-ல நோயாளிங்களோட ஆர்ட்டரியிலயும் கரோனரி சைனஸ்லயும் (இதயத் தசையிலேர்ந்து ரத்தம் வெளிய வர்ற சிரை) ரத்தம் எடுத்து வித்தியாசம் பாத்தப்பவும் அதேதான் வந்துச்சு. இன்னொரு பக்கம் எஸ்ஜிஎல்டி2 மருந்து (சர்க்கரை வியாதிக்குன்னு வந்தது) கீட்டோனைக் கொஞ்சம் ஏத்தும், ஹார்ட் ஃபெயிலியருக்கும் நல்லா கேக்குது. உடனே ரெண்டையும் முடிச்சுப் போட்டு, அது சூப்பர் எரிபொருள், அதனாலதான் மருந்து வேலை செய்யுதுன்னு ஒவ்வொரு தீசிஸ்லயும் முதல் பக்கத்துலயே எழுதிடறாங்க. 2023-ல எம்பா-விஷன்னு ஒரு ட்ரையல், 12 வாரம் எம்பாகிளிஃப்ளோசின்ங்கற எஸ்ஜிஎல்டி2 மருந்தைக் குடுத்துட்டு கிரியேட்டின் பாஸ்பேட்-ஏடிபி விகிதத்தை ஸ்கேன்ல பாத்தாங்க, மாறல. மருந்து நல்ல மருந்துதான், வழி இதுதான்னு அடிச்சுச் சொல்லாதீங்கன்னுதான் சொல்றேன்.

கேத் லேப்ல (இதயத்து ரத்தக்குழாயில டியூப் விட்டுப் பாக்கற இடம்) ஹெப்பரின் குடுத்தப்புறம் ரத்தம் எடுக்கறது

ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கற ஹெப்பரின் உள்ள போனதும் ரத்தக்குழாய் சுவத்துல இருக்கற லைப்போபுரோட்டீன் லைபேஸ்ங்கற, கொழுப்பை உடைக்கற என்சைம் கழண்டு ரத்தத்துல வந்துடும், கொழுப்பு அமிலம் எகிறும், டியூப்ல எடுத்து வச்சப்புறமும் அது உடைச்சுக்கிட்டேதான் இருக்கும். நோயாளிக்கு நோயாளி டோஸ் வேற, நேரம் வேற. முதல் நாளே டெக்னீஷியன்கிட்ட பேசி, ஊசிக்கு முன்னாடி ஒரு சாம்பிள் எடுக்கச் சொல்லுங்க. முடியாதுன்னா ஹெப்பரின் போன நேரத்தையும் ரத்தம் எடுத்த நேரத்தையும் டியூப்லயே எழுதி, உடனே ஐஸ்ல வச்சு சுத்திப் பிரிச்சு ஃப்ரீஸருக்கு அனுப்பிடுங்க.