கூரைப்பட்டின் சிவப்பு போன இடம்

உறவினர் வீட்டுத் திருமணத்தில், மஞ்சள் விளக்கொளியில் மணப்பெண்ணின் அரக்கு நிறக் கூரைப்பட்டை கேமராவே சுருக்கித் தரும் ஜேபெக் கோப்புகளாக எடுத்திருந்தேன். வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தபோது, கொசுவ மடிப்புகள் எல்லாம் மறைந்து, சேலை சாயத்தில் தோய்த்த அட்டையைப்போல ஒரே சிவப்பாகத் தெரிந்தது. லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் இரண்டு இரவுகள் ஹைலைட்டை (மிகப் பிரகாசமான பகுதிகளை) குறைத்தும் நிறச் செறிவைத் தணித்தும் பார்த்தேன். நிறம் வெளிறியதே தவிர, ஒரு மடிப்புகூடத் திரும்பவில்லை.

எடுக்கும்போது நான் நம்பியிருந்த வெள்ளை ஹிஸ்டோகிராம், அதாவது படத்தில் வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் வரைபடம், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்த மொத்த வெளிச்சத்தையே காட்டுவது. அதில் பச்சைக்கே எடை அதிகம் என்பதால், சிவப்பு மட்டும் உச்சமான 255-ஐத் தொட்டு, அதற்கு மேலான விவரம் வெட்டுப்பட்டதை அது காட்டவே இல்லை. வெட்டுப்பட்ட இடத்தில் மீட்பதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது.

வளைகாப்புக்கு அவள் அதே சேலையை உடுத்தி வந்தாள். இம்முறை மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமை வைத்து, விளக்கின் மஞ்சளை ஈடுகட்டும் வெள்ளைச் சமநிலையை 3200 கெல்வினில் நிறுத்தி, சிவப்பு வலது ஓரத்தைத் தொடாதபடி ஒளியளவை மூன்றில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைத்து, சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் 14 பிட் ரா கோப்பில் எடுத்தேன். கேமராத் திரையில் பார்த்த என் அம்மா, "என்னடா, இவ்வளவு இருட்டா இருக்கு?" என்றார். அந்த இருட்டைக் கணினியில் தூக்கிவிட இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மடிப்புகளோடு ஜரிகைப் புட்டாக்களும் தெரிந்தன.