நினைவுக் குத்திக்கு விலை எப்பிடிப் பாக்கிறது

வீட்ட இலங்கையின்ர பழைய நினைவுக் குத்தி, அதாவது ஒரு நிகழ்ச்சியின்ர நினைவா அடிச்ச நாணயம், கிடந்தா முதல்ல செய்யக்கூடாத வேலை அதைப் புளி போட்டு மினுக்கிறது, மினுக்கினா பளிச்செண்டு வரும்தான், ஆனா லென்ஸ் வச்சுப் பாத்தா மயிர் மாதிரிக் கீறல் முழுக்கத் தெரியும், சேர்க்கிற ஆக்கள் அதைக் கண்டவுடன விலையைக் குறைச்சிடுவினம். ஓரத்தில மட்டும் பிடியுங்கோ.

பிறகு உலோகத்தைப் பாருங்கோ. புத்த ஜயந்திக்கு 1957இல வந்த 5 ரூபா வெள்ளி, 28 கிராமுக்குக் கொஞ்சம் மேல, யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதி நகைக்கடையில நிறுத்தே பாக்கலாம், அண்டைய வெள்ளி விலைதான் அதுக்கு அடி விலை, அங்கயே உருக்கக் குடுத்திடாதேங்கோ தயவுசெய்து! அதே வருச 1 ரூபா வெள்ளி இல்ல.

பழசு எண்டதுக்காக மட்டும் விலை ஏறாது, எத்தினை அடிச்சவை, அதில எத்தினை நல்லா மிஞ்சிக் கிடக்கு, தேட ஆள் இருக்கோ எண்டதுதான் கணக்கு. 1976 அணிசேரா மாநாட்டுக் குத்தி, 1981 சர்வசன வாக்குரிமைக் குத்தியெல்லாம் புழக்கத்துக்கு வந்தது, தேஞ்சதுக்குப் பெரிசா ஒண்டும் வராது, புழங்காததுக்குத்தான் மவுசு. 1998 சுதந்திரப் பொன்விழா 1000 ரூபா வெள்ளிக்குப் பெட்டியும் சான்றிதழும் சேர்ந்து இருந்தா கூடக் கேளுங்கோ.

ஒன்லைன்ல ஆக்கள் கேக்கிற விலையை நம்பாதேங்கோ, வித்து முடிஞ்ச விலையைத் தேடிப் பாருங்கோ.