புதுசா ஒரு ஃப்ரேம்வேர்க் படிக்கிறது எப்படி: ஜாங்கோவும் கொழுந்துக் கணக்கும்

ஏஎல்லுக்கு ஐசிடி செஞ்ச புள்ளைங்களுக்கு பைதன் ஓரளவு தெரியும், லூப் போடுவாங்க, ஃபங்ஷன் எழுதுவாங்க, ஆனா ஒரு ஃப்ரேம்வேர்க்க, அதாவது வெப்சைட் செய்ய பாதி வேலைய முன்னாலயே எழுதி வெச்ச கோட் தொகுப்ப, தொறந்ததும் கையும் ஓடாது காலும் ஓடாது, ஏன்னா ஒரே ஒரு கமாண்ட் அடிச்சதுக்கு நம்ம எழுதாத ஆறு ஃபைல் வந்து வரிசையா நிக்கும். இது எதுக்கு அது எதுக்குன்னு ஒவ்வொன்னா படிக்க உக்காந்தா ரெண்டாம் நாளே வெறுத்துப்போகும். அதனால முழுசா படிக்கப் பாக்காதீங்க. ப்ரவுசர்ல ஒரு அட்ரஸ் அடிச்சா அது எந்தெந்த ஃபைல் வழியா போய் ஸ்கிரீனுக்கு திரும்பி வருது, அந்த ஒரு பாதைய மட்டும் மொதல்ல புடிங்க. மத்ததெல்லாம் தேவைப்படுறப்ப தானா வரும்.

பைதன் தெரிஞ்சவங்களுக்கு நான் ஜாங்கோவத்தான் சொல்லுவேன், அது பைதன்ல வெப்சைட் செய்ற ஃப்ரேம்வேர்க். அமெரிக்காவுல கான்சஸ் பக்கம் ஒரு பத்திரிகை ஒஃபீஸ்ல வேலை செஞ்சவங்க செஞ்சு 2005ல வெளிய விட்டது, நியூஸ்காரங்களுக்கு அவசரத்துக்கு டேட்டா போட ஒரு பக்கம் வேணும்ல, அதனால அட்மின் பக்கம் ரெடியாவே வருது. டேட்டாபேஸும் தனியா போட வேண்டியதில்ல, எஸ்கியூலைட் கூடவே இருக்கு, மொத்த டேட்டாவும் ஒரே ஃபைல்ல உக்காந்துரும்.

நம்ம மலையகத் தோட்டப் பக்கம் இன்னொரு பிரச்சினை சிக்னல். ஹட்டன் டவுன்ல நாலு கட்டை காட்டுற போன் தோட்டத்துக்குள்ள எறங்கினா ஒரு கட்டைக்கு வந்துரும், மழை காலத்துல கரண்டும் போகும், யூடியூப்ப நம்பி படிக்க ஆரம்பிச்சா டேட்டா கார்டுக்கே காசு பத்தாது. ஜாங்கோவோட டொக்யுமென்டேஷன் முழுசையும் பிடிஎஃப்பாவோ எச்டிஎம்எல்லாவோ டவுன்லோட் பண்ணி வெச்சிக்கலாம், டவுனுக்கு போற அன்னைக்கு அத எறக்கிட்டு வாங்க. ஜாங்கோவே பத்து எம்பிக்கு உள்ளதான், ஒரு தடவ இன்ஸ்டோல் பண்ணிட்டா அப்புறம் நெட் இல்லாமலே வேலை செய்யலாம். மறக்காம வேர்ச்சுவல் என்வயர்மென்ட் (இந்த ப்ரொஜெக்ட்டுக்கு மட்டும் தனியா ஒரு பைதன் ஃபோல்டர்) ஒன்னு போட்டு அதுக்குள்ள இன்ஸ்டோல் பண்ணுங்க, இல்லாட்டி நாளைக்கு வேற ப்ரொஜெக்ட் செய்றப்ப வேர்ஷன் ஒன்னோடொன்னு முட்டிக்கும்.

வேர்ஷன்னு சொன்னதும்தான் ஞாபகம் வருது, இத கொஞ்சம் கவனமா கேளுங்க. டியூட்டோரியல் பாக்க முன்ன அது எந்த வேர்ஷனுக்கு எழுதினதுன்னு பாருங்க. 2017 டிசம்பர்ல வந்த 2.0லதான் அட்ரஸ் எழுத பாத் (path)ங்கிற ஃபங்ஷன் வந்தது, அதுக்கு முன்ன யூஆர்எல் (url)னு வேற ஒன்னு இருந்துச்சு, அத 2021 டிசம்பர்ல வந்த 4.0ல தூக்கிட்டாங்க. பழைய வீடியோவ பாத்து அப்படியே அடிச்சா யூஆர்எல்ல இம்போர்ட் பண்ண முடியாதுன்னு எரர் வரும், புள்ள தனக்குத்தான் மண்டையில ஏறலன்னு நெனச்சு மூடி வெச்சிரும். இப்ப ஆரம்பிக்கிறவங்க 5.2 எடுங்க, அது நீண்ட கால சப்போர்ட் உள்ள வேர்ஷன், 2028 ஏப்ரல் வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் வரும். பைதன் 3.10 இல்லாட்டி அதுக்கு மேல வேணும்.

ஜாங்கோவோட சொந்த டியூட்டோரியல்ல வாக்கெடுப்பு அப் ஒன்னு செய்ய சொல்லித் தருவாங்க. நல்லா எழுதியிருக்காங்க, ஒரு தடவ செய்யுங்க. ஆனா அதோட நிக்காதீங்க, அடுத்த நாளே அதே படிய வெச்சு உங்களுக்கு தலைகீழா தெரிஞ்ச ஒரு விஷயத்த செய்யுங்க. தோட்டத்துல வளந்தவங்களுக்கு கொழுந்துக் கணக்க விட நல்ல சாமான் இல்ல: ஆளோட பேரு, திகதி, எந்த மலை, எத்தன கிலோ. நிறுவை எப்படி நடக்குது, எப்ப முழுப்பேர் (முழு நாள் சம்பளம்) விழும், எப்ப அரைப்பேர் (அரை நாள் சம்பளம்)னு யாரும் உங்களுக்கு வெளக்க தேவையில்ல, அதனால மண்டைக்கு புதுசா இருக்கிறது ஜாங்கோ மட்டும்தான். ரெண்டும் புதுசா இருந்தா எது புரியலன்னே புரியாது.

இப்ப பாதைக்கு வருவோம். ரன்சர்வர் கமாண்ட் குடுத்தா உங்க மெஷின்லயே 8000ங்கிற போர்ட்ல சைட் ஓடும். ப்ரவுசர்ல கொழுந்துன்னு ஒரு அட்ரஸ் அடிக்கிறீங்கன்னு வைங்க, அது மொதல்ல யூஆர்எல்ஸ் ஃபைலுக்கு வரும், அங்க இந்த அட்ரஸ்க்கு இந்த ஃபங்ஷன்னு ஒரு வரி இருக்கும், அந்த ஃபங்ஷன் இருக்கிறது வியூஸ் ஃபைல்ல, அது மொடல்ஸ் (டேபிள்ல என்னென்ன இருக்கும்னு எழுதுற ஃபைல்) வழியா டேட்டாபேஸ்ல இருந்து கிலோவ எடுக்கும், எடுத்தத டெம்ப்ளேட்டுக்கு (பக்கத்தோட அச்சுக்கு) குடுக்கும், டெம்ப்ளேட் எச்டிஎம்எல்லா மாத்தி திருப்பி அனுப்பும். அவ்வளவுதான். வியூவோட மொத வரியில ஒரு பிரின்ட் போட்டுட்டு பக்கத்த ரிஃப்ரெஷ் பண்ணுங்க, டேர்மினல்ல (கமாண்ட் அடிக்கிற ஜன்னல்ல) அது விழுறத கண்ணால பாத்தா நூறு பக்கம் படிச்சதுக்கு சமம்.

ஓடினதுக்கு அப்புறம் வேணும்னே ஒடைங்க. யூஆர்எல்ஸ்ல அந்த வரிய அழிச்சிட்டு பாருங்க, 404 வரும், ஆனா வெறுமனே வராது, நான் இந்தந்த அட்ரஸ் எல்லாம் பாத்தேன் ஒன்னும் பொருந்தலன்னு லிஸ்டே போட்டு காட்டும். டெம்ப்ளேட்டோட பேர்ல ஒரு எழுத்த மாத்துங்க, எந்தெந்த ஃபோல்டர்ல தேடினேன்னு சொல்லும். மைக்ரேட் (மொடல்ல எழுதினத டேட்டாபேஸ்ல டேபிளா செய்ற கமாண்ட்) பண்ணாம பக்கத்த தொறந்தா அப்படி ஒரு டேபிளே இல்லன்னு வரும். டேர்மினல்ல பெரிய எரர் வந்தா கடைசி வரியில இருந்து மேல படிங்க, விஷயம் அடியிலதான் இருக்கும், கொஞ்சம் மேல உங்க ஃபைல் பேரும் வரி நம்பரும் இருக்கும். எரர் வாசிக்க வராதவங்க எத்தன ஃப்ரேம்வேர்க் மாத்தினாலும் அதே எடத்துலதான் நிப்பாங்க, இது என்னோட அபிப்பிராயம்.

அட்மின் பக்கத்துக்கு யூசர் செய்றப்ப பாஸ்வேர்ட் அடிச்சா டேர்மினல்ல ஒரு எழுத்தும் தெரியாது, கீபோர்ட் போயிருச்சுன்னு நெனக்காதீங்க, அது அப்படித்தான், அடிச்சிட்டு என்டர் தட்டுங்க.

மொடல்ல கிலோவுக்கு ஃப்ளோட் போடாதீங்க, டெசிமல் ஃபீல்ட் போடுங்க, கூட்டிப் பாக்கிறப்ப புள்ளிக்கணக்கு பிசகாது. எல்லாம் ஓடி டேட்டாவும் போட்டதுக்கு அப்புறம் மழை நாள்ல ஈரக் கொழுந்துக்கு கழிக்கிற கிலோவுக்கு ஒரு ஃபீல்ட் சேக்கணும்னு தோணும், சேத்துட்டு மேக்மைக்ரேஷன்ஸ் (மொடல்ல செஞ்ச மாத்தத்த குறிச்சு வெக்கிற கமாண்ட்) குடுத்தா அது நின்னு கேக்கும், ஏற்கனவே இருக்கிற வரிகளுக்கு என்ன போடுறதுன்னு. நெறைய பேர் இங்கதான் பயந்து டேட்டாபேஸையே அழிச்சிருவாங்க. தேவையில்ல, 1ஐ அழுத்தி பழசுக்கெல்லாம் 0ன்னு குடுங்க, அப்புறம் மைக்ரேட் பண்ணுங்க. ஆனா எத்தன கிலோ கழிக்கிறது, அது நியாயமா இல்லயாங்கிறத ஜாங்கோ சொல்லாது, அது நீங்க எழுத வேண்டிய கோட், தோட்டத்துல சண்டையும் அங்கதான வருது.

செட்டிங்ஸ்ல டைம்சோன் யூடிசின்னு இருக்கும், அத ஆசியா கொழும்புன்னு மாத்துங்க. நம்ம நேரம் யூடிசிய விட அஞ்சரை மணித்தியாலம் முன்ன, மாத்தாட்டி காலையில அஞ்சு மணிக்கு சேவ் பண்ணினது முந்தின நாள் திகதியில போய் விழும். லாங்குவேஜ் கோட தமிழுக்கு மாத்தினா அட்மின் பக்கத்துல சிலது தமிழ்ல வரும், சிலது இங்கிலீஷ்லயே நிக்கும், பரவால்ல. பேரெல்லாம் தமிழ்லயே டைப் பண்ணி சேவ் பண்ணலாம்.

ஏஐ கிட்ட கேக்கிறவங்க, எழுதிக் குடுன்னு கேக்காம இந்த வரி ஏன் வேணும்னு கேளுங்க. எழுதிக் குடுத்தத ஒட்டினா ஓடும், ஒடஞ்சா முழிக்கணும்.

வீட்ல காட்டணும்னா ஹோஸ்டிங் வாங்க அவசரப்படாதீங்க. போன்ல ஹொட்ஸ்பொட் போட்டு லெப்டொப்ப அதுல கனெக்ட் பண்ணுங்க, ரன்சர்வருக்கு பின்னால 0.0.0.0:8000னு சேத்து குடுங்க, லெப்டொப்போட ஐபி நம்பர செட்டிங்ஸ்ல அலவ்ட் ஹோஸ்ட்ஸ்ல போடுங்க, போடாட்டி அனுமதி இல்லன்னு எரர் வரும். அந்த நம்பருக்கு பின்னால :8000 சேத்து போன் ப்ரவுசர்ல அடிச்சா பக்கம் தொறக்கும், இதுக்கு டேட்டா வெட்டாது. வெளி ஆளுங்களுக்கு குடுக்கிறதுக்கு மட்டும் ரன்சர்வர நம்பாதீங்க, அது படிக்கிறதுக்கும் டெஸ்ட் பண்றதுக்கும் குடுத்தது, வெளிய போடுறதுன்னா செட்டிங்ஸ்ல டீபக்க (எரர் விவரத்த பக்கத்துலயே காட்டுற வசதிய) ஓஃப் பண்ணி சரியான சேர்வர்ல போடணும், அத ரெண்டாவது ப்ரொஜெக்ட்ல பாத்துக்கலாம்.