முதலில் ஓடு, அடுத்து பேரேடு, கண்ணாடிப் பெட்டி கடைசியில்: பழைய சத்திரத்தில் ஊர் அருங்காட்சியகம் அமைப்பது எப்படி

செட்டிநாட்டு ஊர்களில் பூட்டிக் கிடக்கும் பொதுக்கட்டடங்களுக்குக் குறைவில்லை. சத்திரம், வாசகசாலை, ஓட்டுப் பள்ளிக்கூடம், பழைய பதிவு அலுவலகம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். அதை அருங்காட்சியகம் ஆக்கலாம் என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு எழுந்ததுமே யாராவது ஒருவர் கண்ணாடிப் பெட்டிக்கு விலை கேட்கக் கிளம்பிவிடுவார். அந்தப் பணம் முதல் மழையிலேயே வீணாகும். கூரை சரியாகி ஒரு மழைக்காலம் தாண்ட வேண்டும். பேரேட்டில் நூறு பொருளாவது ஏறியிருக்க வேண்டும். பெட்டிக்கு அதற்குப் பிறகு அளவெடுத்தால் போதும்.

அதற்கும் முன்னால் ஒரு காகித வேலை. கட்டடம் அறக்கட்டளைக்கா, பேரூராட்சிக்கா, இந்து சமய அறநிலையத் துறைக்கா, ஊர் நகரத்தார் (செட்டியார்) சமூகத்துக்கா என்று பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் எடுத்துப் பாருங்கள். 'நம்ம சத்திரம்தானே' என்ற வாய்ச்சொல்லை நம்பிச் செலவு செய்ய வேண்டாம். பத்து ஆண்டுக்குக் குறையாத எழுத்து ஒப்பந்தம் கையில் இருக்கட்டும். பழுது யார் செலவு, மின்கட்டணம் யார் பெயரில், கைவிட நேர்ந்தால் பொருள்கள் எங்கே போகும் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

கூரையும் சுவரும்

ஓட்டுக்கூரையை நடுப்பகலில் பாருங்கள். எல்லாக் கதவையும் சாத்தி உள்ளே இருட்டாக்கினால் ஓடு விலகிய இடமெல்லாம் வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். நேர்கீழே தரையில் சாக்கட்டியால் குறியிடுங்கள். ஆனால் ஒழுக்கு பெரும்பாலும் ஓட்டில் இருக்காது. முற்றத்தைச் சுற்றி நான்கு சரிவுகளும் சேரும் கூடல்வாயில்தான் இருக்கும். அங்கே வேப்பஞ்சருகும் புறா எச்சமும் அடைத்துக்கொள்ள, தண்ணீர் வழிய இடமில்லாமல் ஓட்டுக்கு அடியில் ஏறிக் கைமரத்தை நனைக்கும். கூடல்வாய்த் தகரம் துருப்பிடித்திருந்தால் ஒட்டுப்போடாமல் முழு நீளத்துக்கும் மாற்றுங்கள். ஓட்டைப் பிரித்து மேய்வதைப் பங்குனி, சித்திரையில் முடித்துவிட்டால் ஐப்பசி அடைமழைக்கு முன் கோடைமழையிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

சுவரில் அடிக்கடி நடக்கும் கெடுதல் சிமெண்ட். பழைய சுவர் செங்கலும் சுண்ணாம்புச் சாந்தும். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியேறி உலர்ந்துவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரத்துக்கு வழி அடைபடுகிறது. அது இன்னும் இரண்டடி மேலே ஏறி, பூச்சு முடியும் இடத்தில் உப்புப் பூத்துப் பொரிகிறது. முட்டை வெள்ளைக்கருவும் சிப்பிச் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த பளிங்குப் பூச்சுக்குப் பக்கத்தில் சிமெண்ட் ஒட்டுப்போட்டால் அந்தப் பூச்சும் சேர்ந்து உரியும். எமல்ஷன் பெயிண்டும் இதே வேலையைத்தான் செய்யும்.

ஒட்டுப்பூச்சுக்கு நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த ஆற்றுமணல் மூன்று பங்கு. சுண்ணாம்பை நீற்றிக் குறைந்தது இரண்டு வாரமாவது தண்ணீருக்குள் வைத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் நீறாத கட்டிகள் சுவரில் பூசிய பிறகு வெந்து, சிறு குழிகளாக வெடிக்கும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைத்து, ஒரு பூச்சு அரை அங்குலத்துக்கு மிகாமல் பூசி, ஒரு வாரம் ஈரச்சாக்கு போட்டு வைத்தால் வெடிக்காது. வேலை தெரிந்த கொத்தனார் இன்னும் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். கூலி கூடத்தான். ஆனால் சிமெண்டைச் செதுக்கி எடுக்கும் கூலி அதைவிடக் கூட.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஆசிட் ஊற்றக் கூடாது. அந்தக் கல் கண்ணாடிமேல் வண்ணம் ஊற்றி வார்த்த சிமெண்ட் கல். ஆசிட் பட்டால் மேல் வண்ணமே கரையும். வெறும் தண்ணீரில் துடைத்து, எப்போதாவது சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு ஓட்டம் போதும். கரையான் மருந்துக்கு அடிக்கொரு துளை போட வருபவரை உள்ளே விடாதீர்கள். சுவரின் வெளிப்புறமாகப் போடச் சொல்லுங்கள்.

பர்மா தேக்குத் தூணில் ஆணி, சுவரில் துளை, இரண்டும் வேண்டாம். படங்களைத் தனியே நிற்கும் இரும்புச் சட்டத்தில் தொங்கவிடலாம். வயரிங் பழையதானால் ஒட்டுப்போடாமல் புதிதாக, சுவரைக் கொத்தாமல் மேலோடு குழாயில் இழுத்து, மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வையுங்கள். உலர்ந்த தேக்குக் கூரைக்கு அடியில் ஒரு தீப்பொறி போதும். உலர்பொடித் தீயணைப்பான் ஒன்றை வாசலில் மாட்டுங்கள். பின்கட்டில் மாட்டினால் ஆபத்து நேரத்தில் யாரும் அங்கே ஓட மாட்டார்கள்.

பேரேடு

கொண்டுவிற்கப் போன ஊருக்கெல்லாம் கணக்கேடு கொண்டுபோன மண்ணுக்குப் பேரேடு எழுதக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் அருங்காட்சியகம் என்றதும் அந்தப் பழக்கம் ஏனோ காணாமல் போகிறது. பொருள் வருகிறது, அலமாரியில் அமர்கிறது, ஐந்து ஆண்டில் யார் கொடுத்தது என்று யாருக்கும் தெரியாது.

தைத்த கெட்டி அட்டை ஏடு ஒன்று, பக்க எண் போட்டது. அழியாத மையில் எழுதுங்கள். அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்தில் சுருக்கொப்பம். கணினியில் ஏற்றுவதும் நல்லதே, ஆனால் மூலம் இந்த ஏடுதான். இதன் நகல் வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். எண் 2025.3.12 என்றால் 2025ஆம் ஆண்டில் மூன்றாவதாகப் பொருள் தந்தவரின் பன்னிரண்டாவது பொருள். ஒருமுறை கொடுத்த எண்ணை, பொருள் உடைந்து போனாலும், வேறொன்றுக்குக் கொடுக்கக் கூடாது.

பத்தியில் எழுத வேண்டியவை: பொருளின் பெயர் ஊர் வழக்கில், அளவு, எடை, செய்பொருள், இப்போதிருக்கும் பழுது, தந்தவர், வந்த நாள், நன்கொடையா இரவலா, எங்கே வைத்திருக்கிறது. 'பித்தளைப் பாத்திரம்' என்று எழுதினால் ஒன்றும் எழுதவில்லை என்றே பொருள். ஒரு குத்துப்போணிப் பாத்திரத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக வெட்டிய இரண்டு மூன்று எழுத்துகள் தெரியும். அதுதான் குடும்ப விலாசம். ஆனால் ஒரே எழுத்துகள் பல ஊர்களில், பல குடும்பங்களுக்கு இருக்கும். அதனால் விலாசத்தோடு ஊரும், நகரத்தாரின் ஒன்பது குலக்கோவில்களில் எந்தக் கோவில் என்பதும் சேர்ந்து எழுதினால்தான் பொருள் ஒரு வீட்டுக்கு உரியதாகும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் எல்லாச் சாமானும் விலைக்குக் கிடைக்கும். எந்த ஊர், எந்த வீடு, யார் கல்யாணத்துக்கு வந்தது என்பது மட்டும் கிடைக்காது. அந்தச் செய்தி இல்லாத பொருளைக் காசு கொடுத்து வாங்குவது ஊர் அருங்காட்சியகத்தின் வேலையல்ல.

நன்கொடைப் பத்திரத்தில் ஒருவர் கையெழுத்து போதாது. பெரிய வீட்டுச் சாமான் பெரும்பாலும் பங்காளிகளுக்குப் பொது. ஒருவர் மனமுவந்து தந்ததை இன்னொருவர் சென்னையிலிருந்து வந்து திரும்பக் கேட்பார், அவர் கேட்பதும் நியாயமே. பங்குள்ள எல்லாரும் ஒப்பமிடும்வரை 'பார்வைக்கு வந்தது' என்று தனிப் பக்கத்தில் எழுதுங்கள். இரவலுக்கு ஓராண்டு தவணை வைத்துப் புதுப்பியுங்கள். 'எப்போதும் இருக்கட்டும்' என்ற இரவல் தந்தவர் காலத்துக்குப் பிறகு சண்டையாகத்தான் முடியும்.

சிலவற்றை வாசலிலேயே மறுக்க வேண்டும். யானைத் தந்தம் பதித்த பெட்டி, மான் கொம்பு, புலித்தோல் எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். உரிமைச் சான்று இருந்தாலும் கை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு உண்டு. நூறாண்டு தாண்டிய சிலையும் செதுக்கு மரவேலையும் அதே ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி இந்தியத் தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் பதியப்பட வேண்டியவை. பழைய நிலைக்கதவைத் தூக்கி வருபவரிடம் முதலில் இதைக் கேளுங்கள். கோவில் விக்கிரகம் எதுவானாலும் வேண்டாம். குழாய் போடத் தரையைத் தோண்டும்போது காசுப் பானை அகப்பட்டால், பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். பத்து ரூபாய் அன்றைய மதிப்பு, சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது.

எண் எழுதும் விதம் பொருளுக்குப் பொருள் மாறும். காகிதத்தில் மென்மையான பென்சிலால் பின்பக்க ஓரத்தில் எழுதலாம். சேலைக்குப் பருத்தி நாடாவில் எழுதி முந்தானை ஓரத்தில் இரண்டு தையல். உலோகத்துக்கும் கூடைக்கும் நூலில் கட்டிய அட்டை. பீங்கான் ஜாடிக்கு அடியில் அசிட்டோன் 100 மில்லியில் 20 கிராம் பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசின் கரைத்த பூச்சு ஒரு கோடு, காய்ந்ததும் அதன்மேல் எண், அதன்மேல் மீண்டும் பூச்சு. வேண்டாம் என்றால் அசிட்டோனில் துடைத்து எடுத்துவிடலாம். ஸ்டிக்கர் ஒட்டினால் இரண்டு கோடையில் பசை கறையாகி நிற்கும்.

துடைக்காமல் விட வேண்டியவை

திறப்பு விழாவுக்கு முதல்நாள் உற்சாகத்தில் புளி போட்டுத் தேய்ப்பதுதான் மிகப் பெரிய சேதம். ஒவ்வொரு தேய்ப்பிலும் பித்தளை கொஞ்சம் கரைகிறது, முதலில் மங்குவது அந்த விலாச எழுத்துதான். தூசியை மென்மையான தூரிகையால் தட்டினால் போதும். வெள்ளிச் சாமானைக் கம்பளித் துணியில் சுற்றினால் கறுக்கும், கம்பளியில் கந்தகம் உண்டு. பர்மாவிலிருந்து வந்த அரக்கு மரவைப் பாத்திரத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், வெயிலிலும் காய வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் மூங்கிலோ மரமோ உப்பினால் அரக்கு செதிலாக எழும்.

கண்டாங்கிச் சேலையை மடித்து வைத்தால் மடிப்பிலேயே இற்றுப்போகும். மூன்று அங்குல பிவிசி குழாயின்மேல் கஞ்சி போகத் துவைத்த காடாத்துணியைச் சுற்றி, அதன்மேல் சேலையை உருட்டுங்கள். பூச்சி இருக்கிறதென்று சந்தேகம் வந்தால் பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி ஒட்டி, உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் வையுங்கள். உடனே திறந்தால் துணியில் நீர் கோத்துக்கொள்ளும்.

புகைப்படத்தை லேமினேட் செய்யாதீர்கள், கிழிந்த ஏட்டுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள். இரண்டையும் பிறகு சேதமில்லாமல் எடுப்பது அரிது. சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்காமல் கண்ணாடியோடு நகலெடுங்கள். இசைபிடிமானம் (கல்யாண ஒப்பந்தம்), சாமான் சிட்டை (சீர்ச் சாமான் பட்டியல்), மொய் ஏடு, வட்டிக் கணக்கு எல்லாம் வந்தால் அள்ளிக்கொள்ளுங்கள். பழைய நோட்டீசும் கல்யாண அழைப்பிதழும் குப்பையல்ல. கோட்டையூரில் ரோஜா முத்தையா அப்படிச் சேர்த்தவைதான் 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாயின.

எந்தப் பொருளும் தரைக்கு அரையடி உயரத்திலும் சுவருக்கு நான்கு அங்குலம் தள்ளியும் இருக்கட்டும். கரையான் மண்வழி போட்டு ஏறினால் அந்த இடைவெளியில்தான் கண்ணில் படும்.

பெட்டி, வெளிச்சம், எழுத்து

இப்போது பெட்டிக்கு வரலாம். புது பிளைவுட்டும் எம்டிஎஃப் பலகையும் விடும் ஆவி மூடிய பெட்டிக்குள் உலோகத்தைக் கெடுக்கும். பவுடர் பூச்சு இரும்பும் கெட்டிக் கண்ணாடியும் நல்லவை. அடியில் சிவப்பு வெல்வெட் வேண்டாம், ஈரம் பட்டால் சாயம் ஒட்டும். காடாத்துணியே போதும். துணிக்கும் காகிதத்துக்கும் 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் ஆகாது. முற்றத்து வெயில் ஆயிரக்கணக்கில் வரும், ஆகவே இவை உள்ளறையில்தான். அங்கேயும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பகலில் மட்டும் ஓடும் ஏசி ஏசி இல்லாததைவிட மோசம். தினமும் ஏறி இறங்கும் ஈரப்பதத்தில் மரம் வெடிக்கும். ஈரப்பத மானி ஒன்று வாங்கி 45 முதல் 60 சதவீதம் வரை இருக்கிறதா என்று பாருங்கள், 65 தாண்டினால் பூஞ்சை வரும். அப்போது மின்விசிறியும் திறந்த சன்னலும்தான் மருந்து, வெளியே மழை இல்லாத நேரமாகப் பார்த்து.

பொருளுக்கு அடியில் எழுதும் அட்டை அறுபது சொல்லுக்கு மேல் வேண்டாம். 24 புள்ளிக்குக் குறையாத எழுத்து, ஏனென்றால் வருபவரில் பாதி ஐயாக்களும் ஆச்சிகளும். 'தொன்மையான கொட்டான்' என்பதை யாரும் படிக்க மாட்டார்கள். 'பனையோலைக் கொட்டான். கல்யாணத்தில் பழமும் பலகாரமும் வைத்துக் கொடுப்பது. ஓரப் பின்னலில் ஒரு கண் விட்டுப்போயிருக்கிறது, பாருங்கள்' என்று எழுதினால் குனிந்து பார்ப்பார்கள். கொடுத்தவர் பெயரோடு, தெரிந்தால், முடைந்தவர் பெயரும் போடுங்கள். பெரிய வீட்டுச் சாமானை மட்டும் அடுக்கினால் அது ஊரின் வரலாறு ஆகாது. கல் வார்த்தவர், தறி நெய்தவர், சமைத்தவர், ஊருணி வெட்டியவர் கருவிகளுக்கும் ஓர் அறை வேண்டும். கொல்லனின் தேய்ந்த உளியை யாரும் தாமாகக் கொண்டுவந்து தர மாட்டார்கள். நீங்கள்தான் தேடிப் போக வேண்டும்.

வாரத்துக்கு இரண்டு நாள், காலை பத்து முதல் ஒன்றுவரை திறந்தால் போதும், ஆனால் ஆள் இருவர்: ஒருவர் வாசலில், ஒருவர் உள்ளே. ஒருவரே என்றால் அன்று திறக்க வேண்டாம். மாதம் ஒரு முறை பேரேட்டில் ஏதாவது இருபது எண்ணை எடுத்துப் பொருள் அந்தந்த இடத்தில் இருக்கிறதா என்று சரிபாருங்கள். மழை விட்டு ஈசல் பறந்த மறுநாள் காலை, பெருக்குவதற்கு முன் சன்னல் படிகளைப் பாருங்கள். சன்னல் எல்லாம் சாத்தியிருந்தும் உள்பக்கம் இறகு குவிந்து கிடந்தால் கரையான் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது. அன்றைக்கே ஏடுகளைத் தூக்கி வேறு அறைக்கு மாற்றிவிட்டு நிலைப்படியைத் தட்டிப் பாருங்கள்.